பட்டம் யாருக்கு? பழைய சீனத்து அண்ணன் தம்பி சண்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சீனத்து அரச குடும்பக் கதைகளை நண்பர்களிடம் சொல்லத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. கதை மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. "தம்பிக்கு ஏன் இவ்வளவு ஆசை?" என்றுதான் பாதிப் பேர் ஆரம்பிப்பார்கள். தம்பியை விட்டுவிட்டு அப்பா, அம்மா, அமைச்சர், பக்கத்து நாட்டுக்காரர் என்று சுற்றியிருந்தவர்களைப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அலுத்துப்போனதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் வரும் ஒரு பெரிய நாட்டின் பெயரை உச்சரிப்புப்படி எழுதினால் 'ச்சீ' என்றாகிறது. யாரையோ திட்டுவதுபோல் இருப்பதால் 'சி நாடு' என்று எழுதுகிறேன். ஜின் நாடு வேறு, சின் நாடு வேறு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை, அடிக்கடி சம்பந்தம் செய்துகொண்டவை. கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

இது எந்தக் காலம்? பேரரசர், பெருஞ்சுவர் எல்லாம் வரும் காலமா?

இல்லை, அதற்கு வெகு முன்னால். பேரரசர் என்ற பட்டமே கி.மு. 221-இல்தான் வருகிறது. நாம் பேசுவது ஏறத்தாழ கி.மு. 770 முதல் 470 வரையான 'வசந்தமும் இலையுதிரும்' காலம். ஜோவ் வம்சத்து அரசர் பெயருக்கு மேலே இருப்பார். நிலத்தையும் படையையும் கையில் வைத்திருந்தவர்கள் அவருக்குக் கீழே இருந்த கோமகன்கள். ஜெங், சி, ஜின், சின், லூ, சோங் என்று நாடுகள் பல. ஒவ்வொன்றிலும் ஒரு கோமகன் குடும்பம்.

காலத்தின் பெயர் கவிதைபோல் இருந்தாலும், அது லூ நாட்டின் ஆண்டுக்குறிப்பு ஏட்டின் பெயர்தான்.

மூத்த மகனுக்குத்தானே பட்டம்? அப்புறம் எதுக்குச் சண்டை?

மூத்த மகனுக்கு இல்லை, பட்டத்து மனைவியின் மூத்த மகனுக்கு. இந்த ஒரு சொல்லில்தான் முக்கால்வாசிக் குழப்பம் இருக்கிறது. பட்டத்து மனைவிக்குப் பிறந்த மகன்களுக்குள் மூத்தவனுக்கே உரிமை, திறமை கணக்கில்லை. மற்ற மனைவியரின் மகன்களுக்குள் தாயின் தகுதிதான் கணக்கு, வயது இல்லை. பட்டத்து மனைவிக்கு மகன் இல்லாமல் போய்விட்டால் மற்ற தாய்மாருக்குள் யார் பெரியவள் என்ற வழக்கு தொடங்கிவிடும்.

இந்த விதி எவ்வளவு கறாராக இருந்தது என்பதற்கு, ஜோவுக்கு முன்னால் ஆண்ட ஷாங் வம்சத்தின் கடைசி அரசனைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. அவனுடைய அண்ணன் வெய்ட்ஸிக்கும் அவனுக்கும் தாய் ஒருத்திதான். ஆனால் அண்ணன் பிறந்தபோது அவள் இரண்டாம் நிலை மனைவி. பட்டத்து மனைவியாக உயர்ந்த பிறகு பிறந்தவன் தம்பி. பெற்றோர் அண்ணனுக்கே பட்டம் கட்ட நினைத்தார்கள். அரண்மனை எழுத்தர் விதியைக் காட்டித் தடுத்துவிட்டார். பட்டம் தம்பிக்குப் போனது, அவனோடு வம்சமும் முடிந்தது.

ஷாங் காலத்தில் அண்ணனுக்குப் பிறகு தம்பிக்குத்தான் பட்டம்னு படிச்சேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். அங்கே அண்ணனுக்குப் பிறகு தம்பி ஆள்வது பலமுறை நடந்தது. ஆனால் கடைசித் தம்பியும் போனபின் யாருடைய மகன் ஆள்வது? அண்ணன் மகனா, தம்பி மகனா? இந்தக் கேள்வியில் ஒன்பது தலைமுறை குழப்பம் நடந்ததாக வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதுகிறார். அதைப் பார்த்துத்தான் ஜோவ் வம்சத்தார் மேலே சொன்ன விதியை இறுக்கிப் பிடித்தார்கள்.

சொந்த அம்மாவே ஒரு பிள்ளையை வெறுப்பாளா?

ஜெங் நாட்டுக் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். கோமகன் வூவின் மனைவி வூ ஜியாங்குக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் கால் முன்னால் வந்து பிறந்தான் என்றுதான் வூஷெங் என்ற அவன் இயற்பெயருக்குப் பொதுவாக விளக்கம் சொல்வார்கள். பிரசவத்தில் அவள் மிரண்டு போனாள். அன்றிலிருந்து அவனைக் கண்டாலே ஆகவில்லை. இளையவன் துவான்மேல் உயிரையே வைத்திருந்தாள். அவனுக்குப் பட்டம் கட்டச் சொல்லிக் கணவரிடம் பலமுறை கேட்டாள். அவர் மறுத்துவிட்டார்.

கி.மு. 743-இல் மூத்தவன் ஜுவாங் கோமகன் ஆனான். அம்மா விடவில்லை. தம்பிக்கு ஜி என்ற கோட்டை ஊரைக் கேட்டாள். "அது ஆபத்தான இடம், முன்பு ஒரு தலைவர் அங்கேதான் செத்தார், வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றான். ஜிங் என்ற பெரிய ஊரைக் கேட்டாள், கொடுத்தான். அமைச்சர் ஜாய் ஜோங் பதறினார். விதிப்படி பெரிய ஊரின் மதில் தலைநகரத்து மதிலில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, நடுத்தர ஊருக்கு ஐந்தில் ஒரு பங்கு, சிறிய ஊருக்கு ஒன்பதில் ஒரு பங்கு. ஜிங் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. "அம்மா விரும்புகிறாள், நான் என்ன செய்ய?" என்பதுதான் ஜுவாங்கின் பதில்.

அந்த அண்ணன் இருபது வருஷத்துக்கு மேல ஏன் சும்மா இருந்தான்? நல்லவனா, சூதுக்காரனா?

துவான் முதலில் மேற்கு, வடக்கு எல்லை ஊர்களைத் தனக்கும் சேர்த்து வரி கட்டச் சொன்னான். அப்புறம் அவற்றைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு முறையும் அமைச்சர்கள் ஓடிவந்து எச்சரித்தார்கள். "தகாததை நிறையச் செய்தால் தானே விழுவான், பொறுங்கள்" என்று ஜுவாங் சொல்லிக்கொண்டே இருந்தான். கி.மு. 722-இல் துவான் படை திரட்டினான். உள்ளிருந்து கதவைத் திறந்துவிடுவதாக அம்மா ஏற்பாடு. எந்த நாள் என்று தெரிந்ததும் ஜுவாங், "இப்போது சரி" என்றான். 200 தேர்கள் ஜிங்கை நோக்கிப் போயின. ஊர்க்காரர்களே துவானைக் கைவிட்டார்கள். அவன் யான் என்ற ஊருக்கு ஓடினான், அங்கும் அடித்தார்கள், கடைசியில் நாட்டைவிட்டே ஓடி கோங் என்ற இடத்தில் தஞ்சம் புகுந்தான்.

பழைய உரைகாரர்களே அண்ணனைச் சும்மா விடவில்லை. தம்பி தம்பியாக நடக்கவில்லை என்று ஒரு குறை, அண்ணன் அவனைத் திருத்தவில்லை என்று இன்னொரு குறை. கி.பி. 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் லூ சூச்சியான் இன்னும் கடுமை. தூண்டில்காரன்தான் மீனுக்குத் துரோகம் செய்தான், மீன் தூண்டில்காரனுக்கு என்ன செய்தது என்று கேட்டார். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. மதில் உயரும்போதே ஒரு வார்த்தை கண்டித்திருந்தால் 200 தேர்கள் தேவைப்பட்டிருக்காது. ஆனால் கண்டித்திருந்தால் அம்மா முன்னால் அவன்தான் குற்றவாளி ஆகியிருப்பான். காத்திருந்ததால் குற்றம் தம்பி தலையில் விழுந்தது.

சுரங்கம் தோண்டி அம்மாவைப் பார்த்த கதை நிஜமா?

லூ நாட்டு ஏட்டில் இருப்பது ஆறே எழுத்துகள்: ஜெங் தலைவர் துவானை யானில் வென்றார். அவ்வளவுதான். மதில் கணக்கு, அம்மாவின் பேச்சு, சுரங்கம் எல்லாம் அந்த ஏட்டுக்குப் பின்னால் எழுந்த ஜுவோ உரையில் வருபவை. சண்டை நடந்தது வரலாறு. யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதை அந்த உரையின் சொல்லாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் வரும் எல்லா உரையாடலுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

சரி, கதை இதுதான். ஜுவாங் அம்மாவை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, "மஞ்சள் ஊற்றுக்குப் போகும்வரை இனி முகத்தில் விழிக்க மாட்டேன்" என்று சபதம் செய்தான். மஞ்சள் ஊற்று என்றால் பாதாளம், அதாவது சாகும்வரை. அப்புறம் வருந்தினான். யிங் காவ்ஷூ என்ற எல்லைக் காவல் அதிகாரி விருந்துக்கு வந்தவர், தட்டில் இருந்த இறைச்சியை ஓரமாக ஒதுக்கி வைத்தார். ஏன் என்றான். "என் வீட்டுச் சாப்பாடெல்லாம் அம்மா சாப்பிட்டிருக்கிறாள், உங்கள் வீட்டுக் குழம்பைச் சுவைத்ததில்லை, அவளுக்கு எடுத்துப் போகிறேன்." "உனக்குக் கொடுக்க ஒரு அம்மா இருக்கிறாள், எனக்கு இல்லையே" என்றான் ஜுவாங். அதிகாரி வழி சொன்னார்: தண்ணீர் வரும்வரை பூமியைத் தோண்டி, சுரங்கத்துக்குள் சந்தித்தால் சபதம் எங்கே கெட்டது? அப்படியே செய்தார்கள். உள்ளே போகும்போது மகன் ஒரு வரி பாடினான், வெளியே வரும்போது அம்மா ஒரு வரி பாடினாள். சுரங்கத்துக்கு உள்ளே எத்தனை இன்பம் என்றான் அவன், வெளியே எத்தனை இன்பம் என்றாள் அவள். துவான் அப்போதும் வெளிநாட்டில்தான் இருந்தான்.

இளவரசன் எப்பப் பார்த்தாலும் பக்கத்து நாட்டுக்கே ஓடுறானே, அவங்க ஏன் சேர்த்துக்கிறாங்க?

பக்கத்து நாடு பெரும்பாலும் தாய்மாமன் வீடு. கோமகன்கள் வெளிநாட்டில் பெண் எடுத்தார்கள். ஆக ஒவ்வொரு மகனுக்கும் பின்னால் ஒரு நாடு நின்றது. தஞ்சம் தருவதில் பாசமும் உண்டு, கணக்கும் உண்டு. நாளைக்கு அவன் பட்டத்துக்கு வந்தால் எல்லை ஊர் நாலு கைக்கு வரும்.

ஜுவாங்கின் சொந்த வீட்டிலேயே இது நடந்தது. அவன் கி.மு. 701-இல் இறந்ததும் மூத்த மகன் ஹூ பட்டத்துக்கு வந்தான். சோங் நாட்டார் அமைச்சர் ஜாய் ஜோங்கைப் பிடித்துவைத்து மிரட்டி, தங்கள் நாட்டுப் பெண்ணுக்குப் பிறந்த து என்பவனை உட்கார வைத்தார்கள். பிறகு து ஓட, ஹூ வர, ஹூ கொல்லப்பட, இன்னொரு தம்பி வர, அவனையும் கொல்ல, மற்றொருவன் வர, கி.மு. 680-இல் மறுபடி து வந்தான். 21 வருடத்தில் நான்கு சகோதரர்கள் அந்த இருக்கையில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். தம்பியை அத்தனை பொறுமையாக வென்றவனின் பிள்ளைகள்!

இடுப்புக் கொக்கியில் அம்பு பட்ட கதை என்ன?

சி நாட்டுக் கதை. கி.மு. 686-இல் கோமகன் சியாங்கை உறவினன் வூஜி கொன்று பட்டத்தில் அமர்ந்தான், அவனும் சில மாதங்களில் கொல்லப்பட்டான். இருக்கை காலி. சியாங்கின் தம்பிகள் இருவர் வெளிநாட்டில். ஜியூ தாயின் நாடான லூவில் இருந்தான், அவனோடு ஆலோசகர்கள் குவான் ஜோங்கும் ஷாவ் ஹூவும். சியாவ்பாய் ஜூ என்ற சிறிய நாட்டில், அவனோடு பாவ் ஷூயா. யார் முதலில் தலைநகரம் போய்ச் சேர்வது என்பதுதான் போட்டி.

குவான் ஜோங் முன்னாலேயே போய் வழியில் மறைந்திருந்து சியாவ்பாயை அம்பால் அடித்தார். அம்பு இடுப்புக் கச்சையின் கொக்கியில் பட்டது. சியாவ்பாய் செத்தவன்போல் விழுந்தான். செய்தி கேட்ட ஜியூ தரப்பு இனி என்ன அவசரம் என்று ஆற அமர ஆறு நாள் எடுத்துக்கொண்டு வந்தது. அதற்குள் சியாவ்பாய் மூடிய வண்டியில் படுத்தபடியே பறந்துபோய்ச் சேர்ந்துவிட்டான். உள்ளே காவ், குவோ என்ற இரண்டு பெரிய குடும்பங்கள் ஏற்கெனவே அவனுக்காகக் காத்திருந்தன. வேகம் பாதி, அந்த இரண்டு குடும்பங்கள் பாதி என்பது என் கணிப்பு. அவன்தான் பிறகு புகழ்பெற்ற கோமகன் ஹுவான்.

குவான் ஜோங் எசமானன் செத்தும் எதிரிக்கே அமைச்சரானாரே, இது துரோகம் இல்லையா?

இந்தக் கேள்வி 2,500 வருடப் பழையது. ஜியூவுக்காகப் போருக்கு வந்த லூ நாடு தோற்றதும் சி தரப்பு செய்தி அனுப்பியது: ஜியூ எங்கள் உடன்பிறப்பு, நாங்கள் கொல்ல மாட்டோம், நீங்களே கொல்லுங்கள்; மற்ற இருவரையும் உயிரோடு அனுப்புங்கள், பழி தீர்க்க வேண்டும். அண்ணன் தம்பி ரத்தத்தைக் கையில் படாமல் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் இது. ஜியூ கொல்லப்பட்டான். ஷாவ் ஹூ தானும் செத்தார். குவான் ஜோங் கைதியாகப் போனார், எல்லை தாண்டியதும் நண்பர் பாவ் ஷூயா கட்டை அவிழ்த்தார், அவரே பரிந்துரைத்து அமைச்சராக்கினார்.

கன்பூசியஸிடம் சீடர் இதே சந்தேகத்தைக் கேட்டார். போர்த் தேர்கள் இல்லாமல் தலைவர்களைப் பலமுறை ஒன்றுகூட்டியது குவான் ஜோங்கின் ஆற்றல் என்றார் அவர். அந்த ஆள் இல்லாவிட்டால் நாம் இன்று தலையை விரித்துப்போட்டு, அங்கியை இடப்பக்கம் மடித்துக் கட்டிக்கொண்டு திரிந்திருப்போம் என்றும் சொன்னார். அந்நியர் ஆட்சியில் இருந்திருப்போம் என்பது பொருள். எசமானனுக்காகச் சாவதைவிடப் பெரிய கடமை உண்டு என்ற வாதம் இது. ஷாவ் ஹூவின் வீட்டார் இதை ஒப்புக்கொண்டிருப்பார்களா என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

ஜியூ அண்ணனா, தம்பியா? ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்களே?

பழைய நூல்களிலேயே இரண்டும் இருக்கிறது. ஹுவான் அண்ணனைக் கொன்று நாட்டைப் பிடித்தான் என்கிறார் பழைய தத்துவ அறிஞர் ஷுன்ஸி. பின்னால் வந்த ஹான் வம்சக் காலக் கடிதம் ஒன்று தம்பியைக் கொன்றான் என்கிறது. அண்ணன் என்பதே பெரும்பான்மைக் கருத்து.

ஹுவான் அவ்வளவு பெரிய ஆளாச்சே, தன் பிள்ளைகளுக்கு ஒரு வழி செய்யலையா?

கி.மு. 651-இல் குய்ச்சியூ என்ற இடத்தில் மற்ற நாட்டுத் தலைவர்களைக் கூட்டி ஹுவான் ஓர் உடன்படிக்கை செய்தார். கன்பூசியஸ் வழியில் வந்த அறிஞர் மென்சியஸ் தரும் வாசகத்தில் முதல் விதியே இது: நியமித்த வாரிசை மாற்றாதே, இரண்டாம் நிலை மனைவியைப் பட்டத்து மனைவி ஆக்காதே. ஊருக்கெல்லாம் இப்படி எழுதிக் கொடுத்தவர் வீட்டில் பட்டத்து மனைவியர் மூவருக்கும் மகன் இல்லை. அவர்களுக்குச் சமமாக நடத்தப்பட்ட ஆறு பேருக்கு ஆளுக்கொரு மகன். ஜாவ் என்ற மகனை வாரிசாக்கி, சோங் நாட்டுக் கோமகனிடம் ஒப்படைத்தார். பிறகு சமையல்காரன் யீ யா வந்து கெஞ்சியதும் இன்னொரு மகன் வூகுய்க்கும் வாக்குக் கொடுத்தார்.

குவான் ஜோங் கி.மு. 645-இல் இறந்தார். கி.மு. 643-இல் ஹுவானும் போனார். மகன்கள் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டதில் உடலைப் பெட்டியில் வைக்கக்கூட ஆள் இல்லை. 67 நாள் கட்டிலிலேயே கிடந்தது. புழுக்கள் வாசலுக்கு வெளியே ஊர்ந்து வந்தன என்று சிமா சியான் எழுதுகிறார். அடுத்த 44 வருடத்தில் அந்த ஆறு மகன்களில் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராகப் பட்டத்தில் அமர்ந்தார்கள்.

ஜின் நாட்டுக் கதையில் லீ ஜிதானே வில்லி?

நூல்கள் அப்படித்தான் சொல்கின்றன. நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஜின் நாட்டுக் கோமகன் சியான் ஒரு படையெடுப்பில் கொண்டுவந்த பெண் அவள். வாரிசு ஷென்ஷெங் ஏற்கெனவே இருந்தான், சோங்அர், யீவூ என்ற மகன்களும் இருந்தார்கள். தன் மகன் ஷீச்சிக்குப் பட்டம் வேண்டும் என்று அவள் திட்டம் போட்டாள். வேறு பிள்ளை ஆட்சிக்கு வந்தால் தன் கதியும் மகன் கதியும் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? ஏனென்றால் சியானின் குடும்ப வரலாறே பங்காளிச் சண்டைதான். சியானின் முன்னோர் குடும்பத்தின் இளைய கிளை. மூத்த கிளையோடு 67 வருடம் மோதி, கி.மு. 678-இல் நாட்டைப் பிடித்தவர்கள். பட்டத்துக்கு வந்த சியான் தன் பங்காளிகளைக் கூட்டமாகக் கொன்றார். அந்த வீட்டுக்கு வாழ வந்தவள் வேறு என்ன கற்றுக்கொள்வாள்?

செய்த விதம் கொடுமைதான், அதில் சந்தேகமில்லை. முதலில் அமைச்சர்கள் இருவரைக் கையில் போட்டுக்கொண்டு மூன்று மகன்களையும் தொலைவான ஊர்களுக்கு அனுப்ப வைத்தாள். கி.மு. 656-இல் ஷென்ஷெங்கிடம், "உன் அம்மா உன் தந்தை கனவில் வந்தாள், படையல் போடு" என்றாள். அவன் படைத்து, வழக்கப்படி இறைச்சியைத் தந்தைக்கு அனுப்பினான். அவர் வேட்டைக்குப் போயிருந்தார். ஆறு நாள் அரண்மனையில் இருந்த இறைச்சியில் விஷம் ஏறியது. தரையில் கொஞ்சம் போட்டபோது மண் பொங்கியது. நாய்க்குப் போட்டார்கள், செத்தது. ஒரு பணியாளுக்குக் கொடுத்தார்கள், அவனும் செத்தான். அந்தப் பணியாளின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஷென்ஷெங் ஏன் வாயைத் திறக்கலை? உண்மையைச் சொல்லியிருக்கலாமே?

கூட இருந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஆறு நாள் கணக்கே போதும், விசாரித்தால் தெரிந்துவிடும். அவன் பதில்: "அவள் இல்லாவிட்டால் அப்பாவுக்கு உட்கார இருப்பும் கொள்ளாது, சாப்பாடும் இறங்காது. நான் விளக்கினால் குற்றம் அவள்மேல் போகும். அப்பாவுக்கு வயதாகிவிட்டது." சரி, ஓடிப்போ என்றார்கள். தந்தைக்கு விஷம் வைத்தவன் என்ற பெயரோடு போனால் யார் சேர்ப்பார்கள் என்றான். தூக்குப் போட்டுக்கொண்டான்.

கேட்பவர்கள் இங்கே இரண்டாகப் பிரிவார்கள். ஒரு சாரார் கண் கலங்குவார்கள், இன்னொரு சாரார் எரிச்சலாவார்கள். நான் இரண்டாவது கட்சி. அவன் மௌனத்தால் தப்பித்தது அப்பாவின் மன நிம்மதி ஒன்றுதான், அடுத்த அடி தம்பிகள்மேல் விழுந்தது. மறு ஆண்டே சோங்அரைக் கொல்ல அரண்மனைப் பணியாளன் பி என்பவனை அனுப்பினார்கள். சோங்அர் சுவர் ஏறிக் குதித்தான். வாள் அவன் சட்டைக் கையை மட்டும் அறுத்தது.

யீவூ, சோங்அர் ரெண்டு பேருமே ஓடினவங்க. ஒருத்தன் மட்டும் ஏன் நிலைச்சான்?

சியான் கி.மு. 651-இல் இறந்தார். அமைச்சர் லீ கெ, ஷீச்சியையும் அவன் சித்தி மகனையும் அடுத்தடுத்துக் கொன்றார். சோங்அரைக் கூப்பிட்டார்கள், அவன் வரவில்லை. யீவூ வந்தான், வருவதற்கு விலையும் பேசினான்: ஆற்றுக்கு அப்பால் ஐந்து ஊர்களை சின் நாட்டுக்குத் தருவதாக வாக்கு. பட்டம் வந்ததும் வாக்கு காற்றில் போனது. லீ கெயிடம், "நீர் இல்லாவிட்டால் நான் இங்கே இல்லை. ஆனாலும் இரண்டு தலைவர்களையும் ஓர் அமைச்சரையும் கொன்றவருக்கு எசமானனாக இருப்பது கஷ்டம்" என்று சொல்லி அனுப்பினான். "குற்றம் சாட்ட நினைத்தால் சொல்லுக்கா பஞ்சம்?" என்று சொல்லிவிட்டு அவர் தன் வாளின்மேல் விழுந்தார். அந்த வாக்கியம் இன்றும் சீனத்தில் பழமொழி.

ஜின்னில் பஞ்சம் வந்தபோது சின் நாடு படகு படகாகத் தானியம் அனுப்பியது. மறு வருடம் சின்னில் பஞ்சம், யீவூ ஒரு மணிகூடத் தரவில்லை. கி.மு. 645-இல் போர். உள்ளூர்க் குதிரைகளைப் பூட்டச் சொன்ன பேச்சைக் கேட்காமல் ஜெங் நாட்டுக் குதிரைகளைப் பூட்டினான், தேர் சேற்றில் சிக்கிப் பிடிபட்டான். விடுதலையாகி வந்து கி.மு. 637-இல் இறந்தான்.

சோங்அர் 19 வருடம் நாடு நாடாக அலைந்து, கி.மு. 636-இல் சின் படையோடு வந்து, யீவூவின் மகனை விரட்டிக் கொன்று பட்டத்தில் அமர்ந்தான். கை சுத்தமானவன் என்று சொல்ல முடியாது. ஆனால் காது கொடுத்துக் கேட்பான். சட்டைக் கையை அறுத்த அதே பி வந்து பார்க்க வேண்டும் என்றபோது முதலில் திட்டினான். "கொக்கியில் அம்பு விட்டவரை ஹுவான் அமைச்சராக்கினாரே" என்றான் பி. உடனே உள்ளே விட்டான். அரண்மனைக்குத் தீ வைக்க யீவூவின் ஆட்கள் திட்டமிட்ட செய்தி அப்படித்தான் கிடைத்தது. தீ வைத்தபோது சோங்அர் அங்கே இல்லை.

அக்கா தங்கச்சிங்க இதுல எங்கே?

ஏட்டில் கொஞ்சம்தான் வருகிறார்கள். ஆனால் ஒரு காட்சி மறக்காது. ஷென்ஷெங்கின் உடன்பிறந்தவள் மு ஜி, சின் நாட்டுக் கோமகன் மூவின் மனைவி. யீவூ பட்டத்துக்குப் போகும்போது, ஓடிப்போன மற்ற சகோதரர்களைத் திரும்பக் கூட்டிக்கொள் என்று கேட்டிருந்தாள். அவன் கேட்கவில்லை, அதில் அவளுக்குக் கோபம். ஆனாலும் அவன் பிடிபட்டு வருகிறான் என்று தெரிந்ததும், பட்டத்து இளவரசன் உட்படத் தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேடையில் ஏறி விறகின்மேல் நின்றாள். காலையில் அவனைக் கைதியாக ஊருக்குள் கொண்டுவந்தால் மாலையில் நான் இல்லை என்று கணவனுக்குச் சொல்லி அனுப்பினாள். யீவூவை ஊருக்கு வெளியிலேயே வைத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

சோங்அர் திரும்பி வரும்போது 62 வயசுன்னு சொல்றாங்க, நம்பலாமா?

சிமா சியான் கணக்கு அது: 43 வயதில் ஓடி, 62-இல் திரும்பினான். 'நாடுகளின் உரைகள்' என்ற அதைவிடப் பழைய நூலோ அவன் 17 வயதில் நாட்டை விட்டுப் போனான் என்கிறது. அப்படியானால் திரும்பும்போது 36. அலைந்த வழியில் திருமணம், குழந்தை, வந்த பிறகு பெரும்போர் என்று பார்த்தால் 36 எனக்குப் பொருந்துகிறது. கதை சொல்லுகிறவர்களுக்கு 62 வசதி, தாடி நரைத்த கிழவன் பட்டத்துக்கு வருவது கேட்க நன்றாக இருக்கும்.

ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக்கொடுத்த அண்ணன் தம்பியே இல்லையா?

இருக்கிறார்கள். வெய் நாட்டுக் கோமகன் சுவான் கி.மு. 700-இல் இறந்தார், அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. வாரிசு ஜியைத் தீர்த்துவிட மாற்றாந்தாயும் அவள் மகன்களில் ஒருவனும் கோள் மூட்டினார்கள். தந்தை அவனைத் தூது அனுப்புவதுபோல் அனுப்பி, வழியில் கொல்ல ஆள் வைத்தார். அந்த மாற்றாந்தாயின் இன்னொரு மகன் ஷோவ் ஓடிவந்து, போகாதே என்றான். தந்தை சொல்லைத் தட்ட மாட்டேன் என்றான் ஜி. ஷோவ் அவனுக்கு மது ஊற்றிக் கொடுத்து மயங்க வைத்து, அவனுடைய கொடியைத் தன் வண்டியில் கட்டிக்கொண்டு முன்னால் போனான், கொல்லப்பட்டான். தெளிந்து பின்னால் வந்த ஜி, "நீங்கள் தேடியது என்னை. இவன் என்ன குற்றம் செய்தான்? என்னைக் கொல்லுங்கள்" என்றான். கொன்றார்கள். பட்டம் கோள் மூட்டிய மகனுக்குப் போனது.

சோங் நாட்டில் இதைவிட நல்லபடியாக முடிந்தது. வாரிசாக இருந்த இளவரசன், மாற்றாந்தாய் மகனான அண்ணன் முயீக்குப் பட்டம் கொடுங்கள் என்று தந்தையிடம் கேட்டான். முயீ வாங்க மறுத்துவிட்டு, தம்பிக்குத் துணையாக இருந்தார்.

இளவரசர்களை எல்லாம் வெளியே அனுப்பிட்டா பிரச்சினை தீர்ந்ததே?

ஜின் அதைத்தான் செய்தது. லீ ஜி காலத்துக் கலகத்தில், கோமகன் மகன்களை நாட்டுக்குள் வைப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அண்ணன் தம்பி சண்டை குறைந்தது உண்மை. ஆனால் படைத்தலைமையும் நிலமும் யாரிடமாவது இருக்க வேண்டுமே? வெளிக் குடும்பங்களுக்குப் போயின. அந்தக் குடும்பங்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு கடைசியில் மூன்று மிஞ்சின: ஜாவ், வெய், ஹான். (இந்த வெய் மேலே வந்த வெய் இல்லை, எழுத்தே வேறு.) கி.மு. 403-இல் ஜோவ் அரசர் மூவரையும் தனித்தனிக் கோமகன்களாக அங்கீகரித்தார். ஜின் நாடு மூன்றானது.

துவான் கடைசியில் என்ன ஆனான்? கொன்னுட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாரே?

ஒரே ஓர் எழுத்தால் வந்த வம்பு. ஏட்டில் 'வென்றார்' என்று நான் எழுதிய இடத்தில் இருப்பது 'கெ' என்ற சீன எழுத்து. ஜுவோ உரை அதை வெற்றி என்றே எடுத்துக்கொண்டு, துவான் ஓடிப்போனான் என்கிறது. கோங்யாங், குலியாங் என்ற வேறு இரண்டு உரைகள் அதைக் கொலை என்று படிக்கின்றன. உங்களுக்குச் சொன்னவர் அந்த வழியில் வந்திருப்பார்.

ஜுவோ உரையின் பக்கம் நிற்க இன்னொரு காரணம் உண்டு. பத்து வருடம் கழித்து, கி.மு. 712-இல், ஜுவாங், ஷூ என்ற சிறிய நாட்டைப் பிடித்தான். அதை முழுதாக விழுங்க மனம் வராமல், அந்த நாட்டுத் தலைவரின் தம்பி ஒருவரை அங்கே இருக்க வைத்தான். அப்போது பேசியதில் ஒரு வரி வருகிறது: "எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். அவனோடு ஒத்துப்போக முடியாமல், நாலு திசையிலும் வாய்க்குக் கஞ்சி தேடி அலைய விட்டுவிட்டேன்."